அனாமத்துக் கணக்கில் ஒரு ஃப்யூஸ்

ஆங்கிலேயன் 'ஃப்யூஸ்' என்று கொடுத்துவிட்டுப் போனான். நாம் அதை 'பீஸ்' ஆக்கி, வீட்டு மனுஷனாகவே சேர்த்துக்கொண்டோம். தெருச் சண்டையில் 'மவனே, பீஸைப் புடுங்கிடுவேன்' என்கிறோம். வேலைக்கு ஆகாத ஆளை 'பீஸ் போன பல்பு' என்கிறோம். கரன்ட் போனால் புகார் சொல்கிற இடத்துக்கு மின்வாரியத்தில் வைத்த பெயரே 'ஃப்யூஸ் ஆஃப் கால்'.

இத்தனை செல்வாக்கு இருந்தும் ஒரு நல்ல பேர் மட்டும் அதற்குக் கிடைக்கவே இல்லை. விளக்கு அணைந்தால், 'சே, பீஸ் போயிடுச்சு' என்று பழி முழுக்க அதன் தலையில்தான். ஐயா, அன்றைக்கு அந்த வீட்டில் ஒழுங்காக வேலை பார்த்த ஒரே ஆள் அதுதான். வேறு யாரோ செய்த தப்புக்குத் தன்னை எரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் போய்த் திட்டுகிறோம்.

விஷயம் ரொம்ப எளிமை. ஒரு சங்கிலியில் வேண்டுமென்றே ஒரு கண்ணியைப் பலவீனமாக வைத்தால், இழுப்பு அதிகமாகும்போது அந்த இடம்தான் முதலில் அறும். எங்கே அறும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். 1847-ம் வருஷமே ப்ரெகே என்கிற பிரெஞ்சுக்காரர், இடி விழுந்தால் தந்தி நிலையங்கள் கருகாமல் இருக்க, வழியில் கொஞ்ச தூரம் மெல்லிசான கம்பியைப் போடச் சொன்னார். 1890-ல் எடிசன் தன் மின் விநியோகத்துக்காக ஃப்யூஸுக்கு காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு உங்கள் காருக்குள் இருக்கிற கலர் கலரான பிளாஸ்டிக் துண்டும் அதே யோசனைதான். உள்ளே துத்தநாகத்தில் ஒரு சின்ன வளைவு. அளவுக்கு மேல் கரன்ட் ஓடினால் உருகிவிடும். அவ்வளவுதான்.

காரில் இது எங்கே இருக்கிறது என்று நம்மில் பலர் பார்த்ததே இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் ஒரு பெட்டி. பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் இன்னொன்று. மூடியின் உள்பக்கம் எந்த இடம் யாருக்கு என்று படம் போட்டிருக்கும். பழைய ரேஷன் கார்டு மாதிரி நிறத்தைப் பார்த்தே ஒதுக்கீட்டைச் சொல்லிவிடலாம். பழுப்பு என்றால் ஏழரை ஆம்பியர். சிவப்பு 10. நீலம் 15. மஞ்சள் 20. பச்சை 30. பி.காம். படித்த எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான சமாச்சாரம். சிவப்பு ஃப்யூஸில் 10 என்று போட்டிருக்கிறதே, அது யாருக்குக் காவல்? பல்புக்கு என்றுதான் ரொம்பப் பேர் சொல்வார்கள். பல்பு எரிந்துபோனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், அதற்குக் காவல் எதற்கு? ஃப்யூஸ் காவல் காப்பது ஒயரை. பெட்டியிலிருந்து கிளம்பி, கதவுக்குள்ளும் சீட்டுக்குக் கீழும் கூரை ஓரமாகவும் கண்ணில் படாமல் ஓடுகிறதே, அந்த மெல்லிசான ஒயர் தாங்குகிற கரன்ட்டுக்கு ஏற்றபடிதான் ஃப்யூஸை நிர்ணயிக்கிறார்கள். இது புரியாத இடத்தில்தான் வினையே ஆரம்பிக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, ராத்திரி குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பழைய சின்ன கார். மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரி பக்கத்தில் வந்து ஒட்டி உரசுகிற மாதிரி ஓடியது. கிளீனர் பையன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "அண்ணே, பின்னாடி லைட்டே இல்லை. செத்துருவீங்க!"

ஓரங்கட்டிப் பார்த்தேன். இரண்டு பின் விளக்கும் இல்லை. நம்பர் பிளேட் விளக்கு இல்லை. ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்ததால் ஓட்டுகிறவனுக்கு எதுவும் தெரியவில்லை. மீட்டர் போர்டில் வெளிச்சம் குறைந்ததை மட்டும் பெண் கவனித்து, "அப்பா, ஸ்பீடு தெரியலை" என்று கேட்டிருந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ராத்திரி 11 மணிக்குப் பின்னால் வெளிச்சம் இல்லாத கார் என்பது என்னவென்று அந்தக் கிளீனருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும்.

பெட்டிக்குள் உபரியாக ஒரு சிவப்பு ஃப்யூஸ் இருந்தது. மாட்டினேன், எரிந்தது. செங்கல்பட்டு வருவதற்குள் மறுபடி போய்விட்டது. நாலு பக்க இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டபடி, இடது ஓரமாகவே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். இண்டிகேட்டருக்கு வேறு ஃப்யூஸ் என்பதால் பிழைத்தோம்.

மறுநாள் வண்டி ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. சாயங்காலமே, "பக்காவா ரெடி சார், இனிமே போகவே போகாது" என்று சாவியைக் கொடுத்தார்கள். பில் 350 ரூபாய். சொன்ன மாதிரியே மூன்று வாரம் போகவில்லை. நாலாவது வாரம், பின் சீட்டிலிருந்து பெண் குரல் கொடுத்தாள். "அப்பா, ரப்பர் எரியுற வாசனை வருது."

ஜி.பி. ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கிறார் என்று ஆபீஸில் சொன்னார்கள். எல்லோரும் அவரைப் 'பாய்' என்றே கூப்பிடுகிறார்கள். ஒரு ஸ்டூல், ஒரு பெட்டி, சுவரில் தொங்குகிற ஒயர்ச் சுருள்கள், இதுதான் கடை. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் கேள்வியாகக் கேட்டார். நல்ல டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் கேட்பாரே, அந்த மாதிரி.

"முதல்ல என்னென்ன நின்னுச்சு? எல்லாம் ஒண்ணாவா, ஒண்ணொண்ணாவா?"

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஒரு பல்பு மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பல்பைப் பார்க்க வேண்டும். பின் விளக்கு, நம்பர் பிளேட், மீட்டர் வெளிச்சம் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தால், எல்லாருக்கும் பொதுவான இடத்தைப் பார்க்க வேண்டும். என் வண்டியில் இவை மூன்றுக்கும் ஒரே ஃப்யூஸ்.

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க? மழையா? குழியில எறங்குச்சா? டிக்கி தொறந்தீங்களா?"

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. என் மனைவிதான் சொன்னாள். "திண்டிவனத்துல டிக்கியைத் திறந்து டிபன் பையை எடுத்தோம் பாய். அதுக்கப்புறம்தான்." பாய் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதற்கப்புறம் என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கேள்வியெல்லாம் அவளிடம்தான்.

ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தவர், அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பிளாஸ்டிக் இடுக்கியால் ஒன்றை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். பச்சை. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை. 10-க்குப் பதில் 30.

"பீஸ் போகவே போகாதுன்னாங்களா சார்? கரெக்டுதான், போகாது. பீஸ் போகலைன்னா ஒயர் போகும். ஒயர் போனா வண்டி போகும். உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பின் விளக்கு, இரண்டு முன் பார்க்கிங் விளக்கு, இரண்டு நம்பர் பிளேட் விளக்கு. தலைக்கு 5 வாட் என்றால் மொத்தம் 30 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் இரண்டரை ஆம்பியர். மீட்டர் விளக்குகளையும் சேர்த்தாலும் 10 ஆம்பியர் தாராளம். அந்தத் தாராளத்தையும் தாண்டி ஃப்யூஸ் உருகுகிறது என்றால், யாரோ கணக்கில் வராமல் செலவு செய்கிறார்கள். எங்கேயோ ஒரு ஒயரின் தோல் உரிந்து, வண்டியின் உடம்பில் உரசுகிறது. மெக்கானிக் பாஷையில் 'பாடி அடிக்குது'. அந்த உரசலில் 25 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 10 ஆம்பியர் ஃப்யூஸ் சில விநாடிகளில் தன் கதையை முடித்துக்கொள்ளும். 30 ஆம்பியர் ஃப்யூஸ் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். ஒயரில் கிளம்பும் சூடு, கரன்ட் எத்தனை மடங்கோ அதன் வர்க்கம். இரண்டரை மடங்கு கரன்ட் என்றால் ஆறேகால் மடங்கு சூடு. அது என் பெண் உட்காருகிற சீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற ஒயர்.

அடுத்து பாய் செய்த காரியம்தான் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. பின் விளக்கு, பார்க்கிங் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாப் பல்பையும் கழற்றித் துணியில் வைத்தார். பிறகு ஃப்யூஸ் இருந்த ஓட்டையில், ஃப்யூஸுக்குப் பதிலாக ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இரண்டு ஒயரால் இணைத்தார்.

"இப்ப இந்த லைன்ல செலவு பண்ண ஆளே இல்லை. மீட்டர் பல்புக்குப் போற கரன்ட்டு இதை எரிய வைக்கப் பத்தாது. சுவிட்சைப் போட்டு இது எரிஞ்சா, திருடன் உள்ள இருக்கான்னு அர்த்தம். பீஸா போட்டுப் போட்டு எரிக்க வேணாம் பாருங்க."

சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. முன்பக்க ஒயர்க் கட்டை ஆட்டினார், எரியவில்லை. சீட்டைத் தூக்கி ஆட்டினார், எரியவில்லை. டிக்கிக் கதவைத் தட்டினார். பல்பு ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. கதவை மெதுவாகத் தூக்கினார். பாதி உயரம் வந்ததும் பளீர் என்று எரிந்தது!

டிக்கிக் கதவுக்கும் வண்டிக்கும் நடுவில், கீல் பக்கத்தில், யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு ரப்பர்க் குழாய் போகும். கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கிற ஒயர் மடங்கி நிமிர்கிறது. பத்து வருஷம் மடங்கி நிமிர்ந்தால் எதுதான் வெடிக்காது? குழாயைக் கிழித்துக் காட்டினார். நம்பர் பிளேட் விளக்குக்குப் போகிற ஒயரில் செம்பு பளபளவென்று தெரிந்தது. அங்கிருந்து ஒரு முழ நீளத்துக்கு, பக்கத்தில் இருந்த ஒயர்களின் தோலும் சேர்ந்து இளகி, ஆறிப்போன அல்வா மாதிரி ஒட்டிக் கிடந்தது. அந்த மூன்று வாரமும் நாங்கள் 'பக்காவா ரெடி'யான வண்டியில் போய்க்கொண்டிருந்தோம்.

கெட்ட ஒயரை வெட்டி எறிந்துவிட்டு, அதே கனத்தில் புது ஒயர் போட்டு, சால்டரிங் வைத்து, மேலே உறை ஏற்றி, கடைசியில் ஒரு சிவப்பு ஃப்யூஸை மாட்டினார். இரண்டு மணி நேரம். 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். இன்றுவரை அந்தச் சிவப்பு போகவில்லை.

அன்றைக்கு அவர் வேலை பார்த்ததைப் பார்த்தபோது எனக்குக் காலேஜ் அக்கவுன்டன்ஸி வகுப்பு ஞாபகம் வந்தது. ட்ரயல் பேலன்ஸ் போடுவோம். பற்றும் வரவும் ஒன்றாக வர வேண்டும். வராது. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் எங்கேயோ 54-ஐ 45 என்று எழுதியிருக்கலாம். வித்தியாசத்தில் பாதித் தொகை ஏதாவது கணக்கில் இருந்தால், அது பக்கம் மாறி ஏறியிருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே போவதுதான் முறை. பொறுமை இல்லாதவனுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. வித்தியாசத்தைத் தூக்கி 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு தலைப்பில் எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். தப்பு மட்டும் உள்ளேயே இருக்கும். பிறகு கண்டுபிடித்துச் சரி செய்வதற்காகத்தான் அந்தக் கணக்கே. பலர் கண்டுபிடிக்காமலே மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் மாட்டுவது அனாமத்துக் கணக்கு. அம்பாசடர் காலத்தில் ஃப்யூஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்போது சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி மாட்டினார்களே, அதுவும் அனாமத்துக் கணக்கு. வீட்டில் பீஸ் கட்டைக்கு 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று இரட்டைக் கம்பி கட்டினார்களே தாத்தாக்கள், அதுவும்தான்.

பெரிய வித்தை எதுவும் தெரியாமலே நாமும் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஃப்யூஸின் தலையில் குண்டூசி முனை அளவுக்கு இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை வண்டியின் இரும்பில் கவ்வவிட்டு, அந்த லைனின் சுவிட்சைப் போட்டுவிட்டு, கூர்முனையால் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃப்யூஸ் நலம். கோளாறு அதைத் தாண்டி இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃப்யூஸ் காலி. இரண்டிலும் எரியாவிட்டால் கரன்ட்டே அங்கே வரவில்லை. ரிலேயையோ சுவிட்சையோ பார்க்க வேண்டும். போன ஃப்யூஸுக்குப் பதில் அதே எண்ணில் ஒன்று போடலாம், ஒரே ஒரு தடவை. அதுவும் போனால் அடுத்ததைப் போடாமல், எந்த நேரத்தில் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் மிதித்தபோதா, வைப்பர் போட்டபோதா, கதவு திறந்தபோதா. மெக்கானிக்குக் காசை விட அந்தத் தகவல்தான் பெரிய உதவி.

இன்னொரு வகைத் திருட்டும் உண்டு. ஃப்யூஸ் போகாது, பேட்டரி மட்டும் போகும். எங்கள் ஃப்ளாட்டில் ஒரு வங்கி அதிகாரியின் கார் திங்கள்கிழமை காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார். நிறுத்தி வைத்த காரிலும் கடிகாரம், அலாரம் என்று சில்லறைச் செலவு இருக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை நியாயமான செலவு. 30 மில்லி ஆம்பியர் என்றால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி மொத்தமாகக் காலியாக 48 நாள் ஆகும். 2020 மார்ச் ஊரடங்கில் வாரக்கணக்கில் நின்ற கார்கள் எல்லாம் கிளம்ப மறுத்தது இதனால்தான்; அதில் குற்றவாளி யாரும் இல்லை. இவர் காரோ இரண்டே நாளில் படுத்துவிடுகிறது.

இதற்கு வழி, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைப்பது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இன்றைய கார்களுக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கப் போக நேரம் பிடிக்கும். பிறகு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவினால், எதை உருவும்போது மீட்டர் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில் திருடன். இவருக்கு உள்விளக்கு ஃப்யூஸை உருவியதும் இறங்கியது. டிக்கி விளக்கு! மூடினால் அணைகிறதா என்று வெளியே நின்று எப்படிப் பார்ப்பது? அவர் பையன் செல்போனில் வீடியோவைப் போட்டு உள்ளே வைத்து மூடினான். படத்தில் டிக்கி முழுக்கப் பகல் மாதிரி வெளிச்சம். 5 வாட் பல்பு. 12-ஆல் வகுத்தால் 0.42 ஆம்பியர். 35-ஐ அதனால் வகுத்தால் 83 மணி நேரம். பாதி காலியானாலே ஸ்டார்ட் ஆவது சந்தேகம் என்பதால், வெள்ளி ராத்திரி நிறுத்திய வண்டி திங்கள் காலை கிளம்பாதது கணக்கோடுதான் கிளம்பவில்லை. ஒரு சின்ன சுவிட்சுக்காக இரண்டு பேட்டரி பலி.

ஆர்வத்தில் எல்லாவற்றிலும் கை வைத்துவிடாதீர்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் பீஸ் போகும். மஞ்சள் இணைப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக்; டெஸ்ட் லேம்ப்போடு அந்தப் பக்கம் போகக் கூடாது. கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயர்களிலும் பல்பு வைத்துப் பார்ப்பது வேண்டாம். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் கனமான ஒயர் ஓடும். அதில் இருப்பது உயிரை எடுக்கிற வோல்ட்டேஜ். அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டும் தொட வேண்டியது. 2015 வெள்ளம் மாதிரியோ, 2023 மிக்ஜாம் மழை மாதிரியோ தண்ணீரில் நின்ற வண்டி என்றால் சாவியைக்கூடத் திருப்பாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

பாயிடம் கிளம்பும்போது கேட்டேன், இப்படி மாற்றி மாட்டின வண்டிகள் நிறைய வருமா என்று. "கஸ்டமர் சீக்கிரம் சீக்கிரம்னு நிக்கிறாரு சார். தேடுனா ரெண்டு மணி நேரம், மாத்துனா ரெண்டு நிமிஷம். ரெண்டுக்கும் லைட்டு எரியும். யாருக்கு வித்தியாசம் தெரியுது?" என்றார்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை, பேப்பர் படித்து முடித்த கையோடு, கார் கதவைத் திறந்து அந்தப் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். மூடியில் அச்சடித்திருக்கும் எண்ணும், உள்ளே உட்கார்ந்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று வரிசையாக டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். பத்து நிமிஷ வேலை. எண் பெரிதாக இருக்கிற இடம் ஒன்று கண்ணில் பட்டால், அந்த வண்டியில் யாரோ அனாமத்துக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். உடனே நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டித் தேடச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும் என்று அவர் சொன்னால், தயவுசெய்து சீக்கிரம் முடிக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.